ஆறு லிட்டர் எஞ்சினுக்கு எத்தனை இன்ச் சைலன்சர்?

ஹெடரையும் (எஞ்சினிலிருந்து புகையை எடுக்கும் குழாய்க் கொத்து) பின்பக்கக் குழாயையும் மாற்றிய மறுநாள் காலை, ஹூஸ்டனில் ஐ-10 நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தேன். சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, காட்டும் மீட்டரின் முள் 6-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. போன வாரம் வரை 7-ஐத் தொட்டுக்கொண்டிருந்த முள். இரண்டு வாரக் கடைசிகள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முழங்கைத் தோல் உரிந்து, வீட்டில் திட்டு வாங்கி, பணத்தையும் கொட்டி, கடைசியில் பூஸ்டைக் குறைத்து வைத்திருக்கிறேனே என்று ஒரு நிமிடம் வயிறு கலங்கியது. ஆனால் வண்டி என்னவோ முன்பைவிடச் சீறிக்கொண்டுதான் ஏறியது.

பயப்பட ஒன்றுமில்லை என்று புரிய அன்று மாலை வரை ஆனது. என் எஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பது ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். ஒரு சுற்றுக்கு 112 கன இன்ச், அதாவது சுமார் 1.8 லிட்டர் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் தள்ளும். பெல்ட்டில் ஓடுவதால் எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து அது தள்ளும் அளவு அநேகமாக நிலையானது. எஞ்சின் அதை விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். மீட்டர் காட்டுவது உள்ளே போன காற்றை அல்ல, உள்ளே போக முடியாமல் வாசலில் நெரிபடும் காற்றை. டவுன் பஸ்ஸில் பின்படியில் இறங்குகிறவர்கள் மளமளவென்று இறங்கிவிட்டால் முன்படியில் தள்ளுமுள்ளு குறையும், ஆனால் ஏறியவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எனக்கு நடந்தது அதுதான். புகை வெளியேறும் வழி திறந்தது, வாசலில் நெரிசல் ஒரு பி.எஸ்.ஐ (சதுர இன்ச்சுக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) குறைந்தது, சிலிண்டருக்குள் போன காற்று கூடியது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நண்பர் ஒருவர். 2002 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப் வைத்திருக்கிறார், தொழிற்சாலையிலேயே ஈட்டன் சூப்பர்சார்ஜரோடு வந்த 5.4 லிட்டர் வண்டி. "அண்ணா, ஒரே வார்த்தையில சொல்லுங்க, எத்தனை இன்ச் பைப் போடட்டும்?" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்று சொன்னால் மழுப்புகிறேன் என்று நினைக்கிறார். சரி, எழுதியே கொடுத்துவிடலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நாமக்கல்லில் வளர்ந்தவனுக்கு எஞ்சினிலிருந்து பின்னால் போகும் குழாய் முழுக்க சைலன்சர்தான். இங்கே டெக்சஸில் கடைக்குப் போனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர். எஞ்சின் ஹெட்டில் போல்ட் போட்டு உட்காரும் வார்ப்பிரும்புத் துண்டு மேனிஃபோல்டு. அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாயாக வைத்தால் அது ஹெடர். அந்தத் தனிக் குழாய் பிரைமரி, நான்கும் சேரும் இடம் கலெக்டர். அப்புறம் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர், இரண்டு பக்கமும் ஒன்று சேரும் ஒய்-பைப், சத்தத்தை அடக்கும் மஃப்ளர், வால் குழாய். "எத்தனை இன்ச்" என்று கேட்கிறவர்கள் இதில் எதைக் கேட்கிறார்கள் என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரிவதில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என் வண்டி 2004 செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி பிக்கப். எல்க்யூ4 என்ற இரும்பு பிளாக் 6.0 லிட்டர் வி8 எஞ்சின். தொழிற்சாலைக் கணக்கில் 300 குதிரைத்திறன். அதன்மேல் பழைய மேக்னசன் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏற்றினேன். குறிக்கோள் பந்தயம் இல்லை. கோடையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு நியூ மெக்சிகோ பக்கம் போவோம். அலமகோர்டோவிலிருந்து கிளவுட்கிராஃப்ட் வரை மலையேற்றம், சுமார் 4,300 அடியிலிருந்து 8,600 அடிக்கு. அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அலறிக்கொண்டு ஊர்ந்த அவமானம்தான் சூப்பர்சார்ஜர் வாங்க வைத்தது. கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டில், 440 குதிரைத்திறன் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே ஓர் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கிராங்கில் வரும் திறன் கணக்கில்லை, எஞ்சின் எரிக்கிற காற்றும் பெட்ரோலும்தான் கணக்கு. சூப்பர்சார்ஜரைச் சுற்றவே கிராங்கிலிருந்து 40, 50 குதிரைத்திறன் போகிறது. அந்தத் திறனையும் எஞ்சின் எரித்துத்தானே உண்டாக்கியது? அதன் புகையும் அதே குழாயில்தான் போக வேண்டும். ஆகவே 440-க்கு அல்ல, 485-க்குக் குழாய் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. எனக்கும் தாமதமாகத்தான் உறைத்தது.

இன்னொரு பெரிய தடுக்கல் "பேக் பிரஷர்", அதாவது புகைக்குழாயில் நிற்கும் எதிரழுத்தம். எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும், இல்லாவிட்டால் கீழ் வேகத்தில் டார்க் (சுழற்றும் விசை) போய்விடும் என்று இங்கே பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வார்கள். அப்பாவிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறி இறங்கியவர். "ஏன்டா கண்ணு, சைலன்சரை அடைச்சா வண்டி நிக்கும்னுதான எக்ஸாஸ்ட் பிரேக்கே வெச்சிருக்கான். அடைச்சா பவர் வரும்னு எவன்டா சொன்னான்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயை ஒரு தகடால் மூடுவதுதான். பிஸ்டன் புகையை வெளியே தள்ள முடியாமல் திணறும், அந்தத் திணறல்தான் இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கிறது. ஆக பேக் பிரஷர் என்பது பிரேக். பெரிய குழாய் போட்டால் கீழ் வேகத்தில் சிலருக்கு டார்க் குறைவது நிஜம்தான், ஆனால் காரணம் வேறு: குழாய் அகலமானால் புகையின் வேகம் குறைகிறது, ஒரு சிலிண்டரின் புகை போகும்போது பின்னால் உண்டாகும் உறிஞ்சல் பலவீனமாகிறது. தேவைப்படுவது வேகம், அடைப்பு இல்லை.

சூப்பர்சார்ஜர் எஞ்சினில் இந்த அடைப்பு இன்னும் கெடுதல். டர்போ என்றால் புகையிடமே வேலை வாங்கிக் காற்றைத் தள்ளுகிறது, அதனால் டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் இருந்தே தீரும், அது அதற்கான விலை. சூப்பர்சார்ஜர்காரன் அந்த விலையை ஏற்கெனவே கிராங்கில் கட்டிவிட்டான். அவனுக்குக் கிடைத்த ஒரே சலுகை வெளிவழி சுதந்திரமாக இருப்பது. அதையும் ஒரு நசுங்கிய குழாயால் அடைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். என் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 746 சி.சி., கம்ப்ரஷன் 9.4-க்கு 1. பிஸ்டன் உச்சிக்குப் போனபின் மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 89 சி.சி., டீக்கடை கிளாஸில் முக்கால்வாசி. அந்த இடத்தில் தங்கும் பழைய புகையின் அழுத்தம், வெளியே குழாயில் இருக்கும் அழுத்தத்தை ஒட்டித்தான் இருக்கும். குழாயில் 6 பி.எஸ்.ஐ அடைப்பு இருந்தால், காற்றழுத்தத்தையும் சேர்த்து 14.7 இருக்க வேண்டிய இடத்தில் 20.7. கொதிக்கும் பழைய புகை நாற்பது சதவீதம் அதிகமாக உள்ளேயே தங்கி, புதிதாக வரும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று, பூஸ்ட், டெக்சஸ் ஜூலை வெயில், பின்னால் டிரெய்லர். எஞ்சின் தட்ட ஆரம்பிக்கிறது (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் சத்தம், நாக் என்பார்கள்), நாக் சென்சார் அதைக் கேட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் இழுக்கிறது, டைமிங் போனால் திறனும் போகிறது, எக்ஸாஸ்ட் சூடும் ஏறுகிறது. கிளவுட்கிராஃப்ட் ஏற்றத்தில் எனக்கு நடந்ததும் இதேதான். பூஸ்ட் இருக்கத்தான் செய்கிறது, வண்டி மட்டும் சோர்ந்து சோர்ந்து போகிறது.

சரி, அளவுக்கு வருவோம். பின்பக்கக் குழாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் கணக்கு நேராக வரும்.

இங்கே பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி ஓட்டம் வேண்டும். நேரான குழாய் ஒன்று, ஒரு சதுர இன்ச் பரப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 115 கன அடியை அதிகம் சிரமப்படாமல் விடும். அவ்வளவுதான். ஆனால் கவனிக்க, எக்ஸாஸ்ட் குழாயின் இன்ச் என்பது வெளி விட்டம். 3 இன்ச் குழாயில் தகட்டின் கனத்தை இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 2.87 இன்ச்தான். பரப்பு என்று வரும்போது அது வர்க்கமாகிவிடுவதால் இந்தக் கழிவு சின்னதல்ல.

இப்படிப் போட்டால், ஒற்றை 3 இன்ச் குழாய் சுமார் 340 குதிரைத்திறனோடு மூச்சுமுட்டுகிறது. என் வண்டியின் பழைய குழாய் கிட்டத்தட்ட அந்த அளவுதான், 300 குதிரைத்திறன் எஞ்சினுக்குத் தொழிற்சாலைக்காரன் சரியாகத்தான் போட்டிருக்கிறான். இரட்டை 2½ இன்ச் போட்டால் 460. ஒற்றை 3½ இன்ச் போட்டால் 465. இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதை முதலில் கணக்குப் போட்டபோது நான் நம்பவில்லை, மறுபடி போட்டேன். ஒற்றை 4 இன்ச் 615, இரட்டை 3 இன்ச் 675. எனக்கு வேண்டியது 485. அதாவது 3½-க்கும் 4-க்கும் நடுவில், 3½-ஐ ஒட்டினாற்போல.

இரட்டைக் குழாய் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டியில் டிரைவர் பக்கச் (அமெரிக்காவில் இடதுபக்கம்) சட்டத்தோடு பெட்ரோல் டேங்க் நீளமாகத் தொங்குகிறது, பின்னால் நடுவில் ஸ்டெப்னி டயர். இரண்டு குழாயைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனால் வளைவுகளிலேயே லாபம் கரைந்துவிடும். லைட்னிங்கில்கூட ஃபோர்டுக்காரன் வலதுபக்கப் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே குழாயை வெளியே விட்டுவிட்டான், புத்திசாலித்தனம். நான் ஒற்றை 3½-இல் நின்றேன். 4 இன்ச் ஏன் இல்லை என்றால், புகை பின்னால் போகப் போக ஆறுகிறது. கலெக்டரில் 750 டிகிரி செல்சியஸில் இருக்கும் புகை, அறைச் சூட்டில் அதே காற்று பிடிக்கும் இடத்தைப்போல மூன்றரை மடங்கு இடம் பிடிக்கும். வால் பக்கம் 450-க்கு இறங்கியிருந்தால் இரண்டரை மடங்கு போதும். கைக்கணக்கில் நான்கு சதவீதம் குறைந்த குழாய் பின்பக்கத்தில் குறையாகவே தெரியாது. அப்புறம் அச்சுக்கு மேலே 4 இன்ச் வளைவு, டிரெய்லர் பாரத்தில் பின்பக்கம் அமுங்கும்போது தட்டும். அந்தச் சத்தத்தோடு 800 மைல் ஓட்ட என்னால் முடியாது.

ஹெடர் விஷயம் இவ்வளவு நேரானதில்லை.

பிரைமரிக்கும் ஒரு சூத்திரம் உண்டு: குழாயின் உள்பரப்பை 88,200-ஆல் பெருக்கி, ஒரு சிலிண்டரின் கன இன்ச்சால் வகுத்தால் எந்தச் சுற்றில் அந்தக் குழாய் டார்க்குக்கு உதவும் என்று வரும். என் சிலிண்டர் 45.5 கன இன்ச். 1⅝ இன்ச் பிரைமரி 3,550 சுற்றில், 1¾ இன்ச் 4,150-இல், 1⅞ இன்ச் 4,800-இல், 2 இன்ச் 5,500-இல். இது சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினுக்கான கணக்கு. 7 பி.எஸ்.ஐ பூஸ்டில் என் ஆறு லிட்டர், எட்டு லிட்டர் எஞ்சின் அளவுக்குப் புகை விடுகிறது. அப்படிப் பார்த்தால் 1⅞ அல்லது 2 இன்ச்சுக்குப் போக வேண்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள், நானும் 1⅞ ஆர்டர் போடும் அளவுக்குப் போய்விட்டேன்.

தடுத்தது பைபாஸ் வால்வு. இந்த வகை சூப்பர்சார்ஜரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, இன்டேக்கில் வேக்குவம் இருக்கும்வரை அது திறந்தே இருக்கும், காற்று ரோட்டர்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும், பூஸ்ட் கிடையாது. நான் வாரம் முழுக்க ஆபீஸ் போகும்போது, தட்டையான ஹூஸ்டன் சாலைகளில், வண்டி வெறும் 6.0 லிட்டர் எஞ்சினாகத்தான் ஓடுகிறது. நூற்றுக்கு ஐந்து நிமிடம் பூஸ்ட் வருகிறதோ என்னவோ. அந்த ஐந்து நிமிடத்துக்காக மீதி தொண்ணூற்றைந்தையும் மந்தமாக்குவதா? அதுவுமில்லாமல் பூஸ்ட் வரும்போது பிரைமரியின் உறிஞ்சலை நம்ப வேண்டிய அவசியம் குறைவு, புதுக் காற்று அழுத்தத்தோடு தானே வருகிறது. என் எஞ்சின் 5,500-க்கு மேல் சுற்றுவதும் இல்லை. 1¾ வாங்கினேன், 3 இன்ச் கலெக்டரோடு. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றி 6,500 வரை சுற்றி 600 குதிரைத்திறன் எடுக்கிறவர் என்றால் 1⅞ எடுங்கள், அதில் வாதமே இல்லை. டிரெய்லர் இழுக்கிறவருக்கு வேண்டாம்.

விட்டத்தைவிட நீளம்தான் எனக்கு அதிகம் கொடுத்தது என்று நினைக்கிறேன். இந்த எஞ்சினின் எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை சிலிண்டர்கள் டிரைவர் பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். வரிசையை உற்றுப் பாருங்கள், 2-க்கு அடுத்து உடனே 6, இரண்டும் ஒரே பக்கம். 3-க்கு அடுத்து சுற்றி வந்து 1, அவையும் ஒரே பக்கம். குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில், 2-ஆம் சிலிண்டர் இன்னும் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே 6-இன் வெடிப்பு அதே அறைக்குள் வந்து மோதுகிறது. பொதுக் குழாயடியில் ஒருத்தர் குடம் நிறைவதற்குள் இன்னொருவர் குடத்தை நுழைக்கிற மாதிரி. நீள பிரைமரி போட்டால் இரண்டும் சந்திப்பதற்குள் மோதலின் வீரியம் போய்விடுகிறது. அமெரிக்க வி8-க்கு அந்தக் கடகட முழக்கம் வருவதும் இந்த ஒழுங்கற்ற வரிசையால்தான். சத்தத்துக்காக உயிரை விடுகிறவர்கள் இதற்கு நன்றி சொல்லலாம்.

இனி நடந்த கூத்து. இந்த எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு மேனிஃபோல்டு போல்ட் கதை தெரியும். கடைசிச் சிலிண்டர்கள் 7, 8 பக்கத்தில், கேபின் சுவரை ஒட்டியிருக்கும் போல்ட்டுகளின் தலை தானாகவே அறுந்து விழும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம், எஞ்சின் சூடானதும் மறையும். எனக்கு இரண்டு அறுந்திருந்தன, மூன்றாவதை நானே அறுத்தேன். இரண்டு நாள் துருநீக்கி எண்ணெய் விட்டுப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அரை சென்டிமீட்டர் கட்டையின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்து, சூடு ஆறும் நேரம் பார்த்துத் திருப்பியதும் வெண்ணெய் மாதிரி வந்தது. மூன்றுக்கும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ஹெடர் வாங்க நினைப்பவர்கள் அளவைப் பற்றி யோசிக்கும் முன் டார்ச் எடுத்துக்கொண்டு போல்ட்டை எண்ணுங்கள்.

ஹெடர் ஏறியதும் பின்பக்கக் குழாயை ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். 3½ இன்ச் சொன்னேன், 3½ இன்ச்தான் போட்டார்கள், வெல்டிங்கும் சுத்தம். முன்னே சொன்ன அந்த 6 பி.எஸ்.ஐ காலை இதற்குப் பிறகுதான். வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஆனால் 4,500 சுற்றுக்கு மேலே ஏதோ கை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அப்பா சொன்ன எக்ஸாஸ்ட் பிரேக் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. கலெக்டரில் ஆக்சிஜன் சென்சார் உட்காரும் 18 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. சென்சாரைக் கழற்றிவிட்டு அதே மரையுள்ள ஓர் இணைப்பு, அதிலிருந்து சூடு ஆறுவதற்கு அரை மீட்டர் இரும்புக் குழல், அப்புறம் ரப்பர் ஹோஸ், கேபினுக்குள் 15 பி.எஸ்.ஐ கேஜ். இரண்டாம் கியரில் முழுதாக மிதித்து 5,200 சுற்று வரை கொண்டுபோனேன், பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தது என் மகன். கன்வெர்ட்டருக்கு முன்னால் 5.5. பின்னால் இருக்கும் சென்சார் துளைக்கு மாற்றி மறுபடி ஓட்டினால் 4.5. ஆக, எல்லாரும் திட்டும் கன்வெர்ட்டர் பிடித்தது வெறும் ஒன்றுதான். மீதி முழுக்க அதற்குப் பின்னால்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் கண்ணுக்கு எதிரேயே இருக்கிறது. டிரைவர் பக்கக் குழாய் கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்கே வந்து, வலதுபக்கக் குழாயில் செங்குத்தாக, டி எழுத்து மாதிரி முட்டுகிறது. அந்தக் குறுக்குக் குழாயும் மேன்ட்ரல் (குழாய் நசுங்காமல் உள்ளே வைக்கும் அச்சு) வைத்து வளைத்தது இல்லை, சாதா பெண்டரில் வளைத்து உள்பக்கம் சுருங்கி, ஸ்ட்ராவை மடித்த மாதிரி. மூணரை இன்ச் குழாய்க்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டே கால் இன்ச் சந்தில் நான்கு சிலிண்டர் புகையைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன், அதையும் எதிரே வரும் புகையின் விலாவில் முட்டவிட்டு.

வேறொரு வெல்டர், தன் வீட்டு கராஜிலேயே வேலை செய்கிறவர், அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு 3 இன்ச் குழாயும் கூர்மையாகச் சரிந்து சேரும் ஒய் ஒன்றை வைத்தார். வளைவுகளெல்லாம் மேன்ட்ரல். அதே கேஜ், அதே சாலை, அதே மகன். முன்னால் 2, பின்னால் 1. குழாயின் அளவில் ஒரு நூல்கூட மாறவில்லை, மாறியது ஒரு மூட்டு. பூஸ்ட் மீட்டர் இன்னொரு அரை பி.எஸ்.ஐ இறங்கியது, இந்த முறை சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஜூலையில் கிளவுட்கிராஃப்ட் ஏறும்போது ஸ்கேனரில் நாக் ரிடார்டு, அதாவது தட்டலுக்காக டைமிங்கைப் பின்னால் இழுக்கும் அளவு, ஏறக்குறைய பூஜ்யம்.

கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கழற்றி எறி என்று சொல்லும் ஆட்கள் நிறைய. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி அது குற்றம், ஹாரிஸ் கவுண்டியில் புகைச் சோதனையும் இருக்கிறது. அதையெல்லாம் விடுங்கள், அளந்து பார்த்தால் ஒரு பி.எஸ்.ஐ-தான். அதற்காகக் கேபினுக்குள் பெட்ரோல் நாற்றத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதா.

சூட்டைப் பற்றியும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். பூஸ்ட் எஞ்சினின் ஹெடர் இரவில் மங்கலாகச் சிவக்கும். பிளக் ஒயர் பூட் ஒன்று பிரைமரியில் சாய்ந்து உருகி, எஞ்சின் ஏழு சிலிண்டரில் ஓடியது, நான் அரை நாள் சூப்பர்சார்ஜரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். இப்போது எட்டிலும் வெப்ப உறை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஒரு தகடு மறைப்பு. ஆக்சிஜன் சென்சார் நீள ஹெடரில் தள்ளிப் போவதால் ஒயரை நீட்ட வேண்டும், அந்த நீட்டிப்பு ஒயரை எங்கே கட்டுகிறீர்கள் என்று பார்த்துக் கட்டுங்கள். ஹெடர் மாற்றியபின் டியூன் செய்யாமல் ஓட்டாதீர்கள், காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், பூஸ்டில் பெட்ரோல் குறைந்த எஞ்சின் மன்னிக்காது.

கடைசியாகச் சத்தம். 70 மைல் வேகத்தில் என் வண்டி 2,300 சுற்றில் ஓடும். எட்டுச் சிலிண்டர், நொடிக்குச் சுமார் 153 வெடிப்பு. அந்த ஒரே சுருதி கேபினுக்குள் தம்பூரா மாதிரி நிற்கிறது. எல் பாசோ போய்ச் சேர்வதற்குள் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள், எனக்கு அது சத்தத்தாலா கோபத்தாலா என்று தெரியவில்லை. பெரிய மஃப்ளர் போடுவதற்குப் பதிலாக, அந்தச் சுருதியின் அலைநீளத்தில் கால்வாசி நீளத்துக்கு, முனை மூடிய ஒரு கிளைக்குழாயைப் பற்றவைத்தோம். எனக்குக் கணக்கில் வந்தது 68 சென்டிமீட்டர். அதற்குள் போய்த் திரும்பி வரும் அலை, வரும் அலையைத் தலைகீழாகச் சந்தித்து அழித்துவிடுகிறது. ஓட்டத்துக்கு ஒரு தடையும் இல்லை, முப்பது டாலர் குழாய். ஒன்றேகால் இன்ச் வெட்டிச் சரிசெய்த பிறகு 70 மைலில் பாட்டுக் கேட்கிறது.

லைட்னிங் நண்பருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2002 மாடலுக்குத் தொழிற்சாலைக் கணக்கு 380 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜருக்கு ஒரு 45 சேர்த்தால் 425. இரட்டை 2½ இன்ச் தாராளம், மூட்டும் வளைவும் ஒழுங்காக இருந்தால். முதலில் ஒன்றும் வாங்காதீர்கள், சனிக்கிழமை கேஜோடு வருகிறேன், இருக்கிற குழாயில் எவ்வளவு அடைப்பு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

நேற்று போன் செய்தார். "அண்ணா, ஒரு இடத்துல ஆஃபர் போட்டிருந்தான்…" என்று இழுத்தார். 4 இன்ச், இரட்டையாம்.